சேறும் செய்யுளும்: சாந்தி சுவரூப் பட்நாகர்

ஒடியற்கூழ் காய்ச்சும் நாட்டினர்க்கு நீர்ப்பொருள் தடிப்பது புதுமையன்று. கரைத்த ஒடியல் மாவை உலைநீரில் விட்டுத் துழாவத் துழாவ, நீராய் நின்றது கூழாகின்றது, அகப்பை கனக்கின்றது, அதனைக் கண்ணுக்கு முன்னே கை அறிந்துவிடுகின்றது. திண்பொருளும் அல்லாது, தெளிந்த கரைசலும் அல்லாது, இரண்டுக்கும் இடைநிற்கும் இத்தகைய பொருள்களை ஆராயும் இரசாயனப் பகுதிக்குத் தமிழிற் கலைச்சொல் அமைத்தோர் கூழ்மம் என்று பெயரிட்டனர். அடுக்களையிலிருந்து எடுத்த சொல்லாயினும் இதனினும் பொருத்தமான சொல்லை நான் கண்டிலேன். அக்கூழ்ம நூலிலே துறைபோய், அத்துறையறிவால் பூமிக்குள் இறுகிய சேற்றை இளக்கி, அதனால் வந்த பெரும்பொருளைத் தமக்கென்று கொள்ளாது விட்ட ஒருவருடைய வரலாற்றைச் சொல்லுவதே என் எண்ணம். அவர் பெயர் சாந்தி சுவரூப் பட்நாகர். விஞ்ஞானி ஒருவரின் வரலாற்றைச் சொல்லத் தமிழ்ப் பண்டிதனுக்கு என்ன உரிமை என்று வினவுவாருக்கு ஒன்று கூறுவேன். காசி இந்து சர்வகலாசாலையின் விழாக்களிலே இன்றும் பாடப்பெறும் சர்வகலாசாலைக் கீதத்தை இயற்றியவர் இவரே. அந்த உரிமை எனக்குப் போதும்.

பட்நாகர் 1894ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 21ஆந் திகதி, பஞ்சாபின் ஷாப்பூர் மாவட்டத்திலுள்ள பேரா என்னும் ஊரிலே பிறந்தார். அவ்வூர் இன்று பாக்கிஸ்தானில் உள்ளது. பிறந்து எட்டு மாதங்கூட நிரம்பாத நிலையிலே தந்தையை இழந்தார். சிக்கந்தராபாத்திலிருந்த தாய்வழிப் பாட்டனார் வீடே அவருக்குப் புகலிடமாயிற்று. இது தக்கணத்துச் சிக்கந்தராபாத்தன்று. உத்தரப் பிரதேசத்திலுள்ள சிற்றூர். பாட்டனார் பொறியியலாளர். அவருடைய கருவிகளோடு விளையாடியதனாலே பொறிகளில் ஆசையும், அவ்வீட்டிலே வழங்கிய உருதுக் கவிதையிற் பற்றும் சிறுவனுக்கு ஒருங்கே உண்டாயின. இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கிருத்தல் கூடாது என்று அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்திலர். நம் பள்ளிக்கூடங்களிலோ பதினாறு வயதிலேயே அதனைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

1908இல் இலாகூருக்குச் சென்று தயாள் சிங் உயர்தரப் பள்ளியிற் சேர்ந்தார். தந்தையாரின் நண்பராகிய இலாலா இரகுநாத் சகாய் என்பவரே அங்கே தலைமையாசிரியர். பின்னர் 1915இல் அவருடைய மகள் இலாஜவந்தியையே பட்நாகர் மணந்தார். தயாள் சிங் கல்லூரியிற் படிக்கும்போது நாடக சபையிற் சேர்ந்து, கராமாதி என்னும் ஓரங்க நாடகத்தை உருதுவில் எழுதினார். அற்புதம் செய்வோன் என்பது அதன் பொருள். 1912ஆம் ஆண்டின் சிறந்த நாடகத்துக்குச் சபை வழங்கிய பரிசு அதற்கே கிடைத்தது. அதன் பின் போமன் கிறித்தவக் கல்லூரியிற் பயின்று 1916இல் விஞ்ஞானப் பட்டமும், 1919இல் இரசாயனத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்லவே தயாள் சிங் அறநிலையம் அவருக்கு உதவிப் பணம் அளித்தது. இங்கிலாந்து வழியாகப் போகப் புறப்பட்டார். முதல் உலகப் போர் முடிந்த காலம் அது. ஊர் திரும்பும் அமெரிக்கப் போர்வீரர்களால் கப்பல்களெல்லாம் நிறைந்திருந்தன. அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இலண்டனிலேயே தங்கி, யூனிவேர்சிற்றிக் கல்லூரியிலே பேராசிரியர் டொனன் என்பாரிடம் மாணவராகச் சேர்ந்தார். கூழ்ம இரசாயனத்தில் அக்காலத்துப் பேராசான்களுள் ஒருவர் டொனன். கப்பலில் ஒரு படுக்கை கிடைத்திருக்குமாயின் நான் சொல்லப் புகுந்த கதை வேறாயிருக்கும்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் சவர்க்காரத்தைச் சார்ந்தது. இதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தார்க்கு இது விளங்காத பொருளன்று. சவர்க்காரத்தின் மூலக்கூறு ஒரு தலையும் நீண்ட வாலும் உடையது. தலை நீரை விரும்பும். வால் எண்ணெயை விரும்பும். ஆதலால் அது எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையிலே போய் நின்று, மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து, ஒன்றாத இரண்டையும் ஒன்றச் செய்கின்றது. நமது சுண்ணக்கற் பூமியின் கிணற்று நீரிலோ சவர்க்காரம் இலகுவில் நுரைப்பதில்லை. வெள்ளைக் கசடு படிகின்றது. நீரிலுள்ள கல்சியம், சவர்க்காரத்திலுள்ள சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தான் அவ்விடத்தைக் கொள்வதே காரணம். கல்சியத்தின் கை இரண்டு. அலுமினியத்தின் கை மூன்று. இத்தகைய இருகை, முக்கை உலோகங்கள் கொழுப்பமிலங்களோடு கூடி ஆக்கும் சவர்க்காரங்கள் நீரை வெறுத்து எண்ணெயை நாடுவன. அவை எண்ணெயில் எவ்வளவு கரையும், கரைந்து அதன் மேற்பரப்பு இழுவிசையை எவ்வாறு மாற்றும் என்பதே பட்நாகரின் ஆய்வு. அதற்காக 1921இல் இலண்டன் சர்வகலாசாலை அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் அளித்தது. நம் வீட்டுப் பெண்கள் துணி தோய்க்கும்போது வைது கழுவி ஊற்றும் கசடு, இலண்டனிலே ஒருவருக்குக் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கொடுத்தது.

அக்காலத்திலேயே பால்மங்களையும் ஆராய்ந்தார். நீருக்குள் எண்ணெய்த் துளிகள் பரந்திருப்பது ஒருவகை. எண்ணெய்க்குள் நீர்த்துளிகள் பரந்திருப்பது மற்றொரு வகை. உப்புப் பொருள்களைச் சேர்க்க, முதல்வகை இரண்டாம் வகையாகத் தலைகீழாய் மாறும். மாறும் கணத்தைக் கண்டறிய அவர் கையாண்ட வழி எளியது. நீர் வெளியிலிருந்தால் மின்சாரம் கடக்கும். எண்ணெய் வெளியிலிருந்தால் தடைப்படும். ஆகவே மின்கடத்தலை அளந்தாற் போதும். உப்பு சிறிது சேர்ந்தவுடன் ஒரு பொருளின் இயல்பே புரண்டுவிடும் என்ற இவ்வறிவு பின்னர் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1921இல் நாடு திரும்பியவர் காசி இந்து சர்வகலாசாலையிலே இரசாயனப் பேராசிரியரானார். அங்கிருந்தது மூன்றாண்டே. பல ஆண்டுகள் ஓரிடத்தில் இருந்தும் ஒரு வரியும் விட்டுச் செல்லாதார் பலர். இவர் மூன்றாண்டில் ஒரு கீதத்தை விட்டுச் சென்றார். கங்கைக் கரையையும் காசியின் பழைமையையும் மாளவியா அவர்களின் முயற்சியையும் போற்றும் அக்கீதம் வடசொல் செறிந்த இந்தியில் அமைந்தது. உருதுவிலே கவிபாடி வளர்ந்தவர், இடத்துக்கும் சபைக்கும் ஏற்ற மொழியைத் தெரிந்துகொண்ட திறம் கவனிக்கத்தக்கது.

1924இல் இலாகூருக்கு மீண்டு, பஞ்சாப் சர்வகலாசாலையின் பேராசிரியராகவும் இரசாயன ஆய்வுகூடங்களின் தலைவராகவும் அமர்ந்தார். அடுத்த பதினாறு ஆண்டுகளே அவருடைய ஆராய்ச்சி வாழ்வின் கொழுந்து. கே. என். மாத்தூர் என்பாரோடு சேர்ந்து 1928இல் காந்த அளவைக்கு நுண்ணிய தராசொன்றை அமைத்தார்; இருவரும் காந்த இரசாயனம் பற்றி 1935இல் வெளியிட்ட நூல் உலகிற் பலரும் போற்றியது. அதனை இவ்வளவிற் சொல்லி, சேற்றுக்கு வருகிறேன்.

றாவல்பிண்டிக்கு அணித்தாக அற்றொக் எண்ணெய்க் கொம்பனியார் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தனர். எண்ணெய்க் கிணறு துளைப்பது தச்சன் துறப்பணத்தாற் பலகை துளைப்பது போன்றதன்று. துளைக்கும் குழாயின் உள்வழியாக நீர்கலந்த களிமண் சேற்றை இடையறாது செலுத்துவர். அது கீழே இறங்கி, அலகின் வாயால் வெளிப்பட்டு, உடைந்த கற்றூளை ஏந்திக்கொண்டு, குழாயின் வெளிப்புறமாக மேலே வரும். அலகைக் குளிர்விப்பதும், கிணற்றுச் சுவர் இடிந்து விழாமல் தாங்குவதும், ஆழத்திலிருந்து பீறிடும் வாயுவைத் தன் பாரத்தால் அமுக்குவதும் அந்தச் சேறே. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை வேலை நடக்கும். அற்றொக் நிலத்திலோ ஆழத்தில் உவர்நீர் இருந்தது. உவர்நீர் பட்டதும் சேறு தடித்தது. மேலும் தடித்து இறுகியது. துளைக்கும் வேலை நின்றுபோயிற்று.

தம் கிணற்றில் உவர் ஏறுவதைக் கண்டு கலங்கிய அனுபவம் நம்மவருக்கு உண்டு. அங்கே கலங்கியது பெருங் கொம்பனி. பட்நாகரிடம் வந்தனர். அவர் இதனைப் பொறியியற் சிக்கலாகப் பார்க்கவில்லை. கூழ்மச் சிக்கலாகப் பார்த்தார். களிமண்ணின் நுண்துகள்கள் மின்னேற்றம் உடையன. ஒன்றையொன்று தள்ளுவதனாலேயே அவை நீரிலே பிரிந்து மிதக்கின்றன. உப்பு வந்து சேர்ந்ததும் அத்தள்ளும் விசை அடங்குகின்றது; துகள்கள் ஒன்றையொன்று பற்றித் திரள்கின்றன; திரள்கள் கோத்துக்கொண்டு நீரையும் சிறைப்படுத்துகின்றன; சேறு கட்டியாகிறது. மருந்து என்ன? இந்திய மரப்பிசின் ஒன்று. பிசின் துகள்களின்மேற் படிந்து கவசம்போல நின்று, உப்பின் தாக்குதலிலிருந்து அவற்றைக் காத்தது. சேற்றின் பாகுநிலை குறைந்தது. உவர்நீர் பட்டாலும் அது இறுகவில்லை. பிசின் சேர்த்தால் எப்பொருளும் தடிக்கும் என்றே எவரும் எண்ணுவர். பிசினாற் சேற்றை இளகச் செய்தது கூழ்ம நூல் கற்றவர்க்கன்றிப் பிறர்க்குத் தோன்றாத உபாயம்.

இங்கேதான் அந்த மனிதரின் குணம் தெரிகின்றது. கொம்பனியின் சார்பில் இலண்டன் ஸ்டீல் சகோதரர் நிறுவனத்தார் ஒன்றரை இலட்சம் ரூபாவை அவருக்கு அளிக்க முன்வந்தனர். 1930களிலே அத்தொகை ஒரு பேராசிரியரைத் தலைமுறைக்கும் செல்வராக்கியிருக்கும். பட்நாகர் அதனைத் தமக்கென்று பெற மறுத்து, சர்வகலாசாலையின் வாயிலாக ஆராய்ச்சிக்கே செலவாகும்படி செய்தார். அப்பணத்தால் இலாகூரிலே பெற்றோலிய ஆராய்ச்சிப் பகுதி தோன்றியது. மாணவர் பலர் ஊதியம் பெற்று ஆய்ந்தனர்: மெழுகின் நாற்றம் நீக்குதல், மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் உயரச் செய்தல், இரும்பு அரிக்காது காத்தல், தாவர எண்ணெயிலிருந்து மசகெண்ணெய் ஆக்குதல். பயன் கண்ட கொம்பனியார் தொகையைக் கூட்டி, காலத்தையும் ஐந்தாண்டிலிருந்து பத்தாண்டாக உயர்த்தினர். மேகநாத சாகா என்னும் பேரறிஞர் 1934இல் இதனைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். சர்வகலாசாலை ஆசிரியர் என்போரை உலகம் மதிக்கச் செய்தீர் என்பதே அதன் கருத்து.

இரண்டாம் உலகப் போர் அவரை ஆய்வுகூடத்திலிருந்து பிரித்தது. அப்போது வைசிராயின் சபையில் வர்த்தகத்துறை உறுப்பினராயிருந்தவர் தமிழராகிய ஆற்காடு இராமசாமி முதலியார். அவருடைய வற்புறுத்தலால் 1940இல் விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சிச் சபை தோன்றியது. முதலியார் அதன் தலைவர், பட்நாகர் பணிப்பாளர். ஆண்டுக்கு ஐந்து இலட்சம் என்று தொடங்கிய முயற்சிக்கு, ஆண்டுதோறும் பத்து இலட்சம் வீதம் ஐந்தாண்டுக்குக் கைத்தொழில் ஆராய்ச்சி நிதி வகுப்பித்தவரும் முதலியாரே. 1942இல் அது விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சி மன்றமாயிற்று. 1941இல் சேர் பட்டமும், 1943இல் இலண்டன் றோயல் சொசைற்றியின் உறுப்புரிமையும் பட்நாகரை வந்தடைந்தன. நாடு விடுதலை பெற்றபின் நேரு அவருக்குத் துணையாய் நின்றார். தேசிய ஆய்வுகூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. 1950 சனவரியிலே பூனாவில் இரசாயன ஆய்வுகூடமும், தில்லியில் பௌதிக ஆய்வுகூடமும் திறக்கப்பெற்றன. பௌதிக ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளர் தமிழராகிய கே. எஸ். கிருஷ்ணன். காரைக்குடியிலே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாவும் வழங்க, மின்னிரசாயன ஆய்வுகூடம் 1953 தைப்பொங்கல் நாளிலே திறக்கப்பெற்றது.

புகழ்ச்சியோடு நிறுத்தின் வரலாறு பாதியாகும். இக்கட்டடப் பெருக்கத்தை எல்லாரும் விரும்பவில்லை. சேர் சி. வி. இராமன் தம் பெயரால் வழங்கும் விளைவை ஒப்புமையாகக் கொண்டு, இதற்கு நேரு-பட்நாகர் விளைவு என்று நகையாகப் பெயர் சூட்டினார். முன்னர்ப் பாராட்டிய சாகாவும், சர்வகலாசாலைகள் வறியனவாகும் என்று அஞ்சினார். அச்சம் வீணன்று. ஆய்வு ஓரிடத்தும் மாணவர் வேறிடத்தும் இருப்பது அடுப்பை ஒரு வீட்டிலும் உலையை மற்றொரு வீட்டிலும் வைப்பது போன்றது. கொம்பனியின் பணத்தைச் சர்வகலாசாலைக்கு ஆக்கிய அதே கையே பின்னர் ஆராய்ச்சியைச் சர்வகலாசாலைக்கு வெளியே கொண்டுபோனது என்பதை, ஆசிரியத் தொழில் செய்யும் நான் எண்ணாதிருத்தல் இயலாது. ஆயினும் அவர் காலத்தை நோக்கல் வேண்டும். ஊசிமுதல் உரம்வரை பிற நாட்டை நோக்கிக் கையேந்திய தேசத்துக்கு விரைவு வேண்டியிருந்தது. சர்வகலாசாலைகள் விரைபவை அல்ல. சர்வகலாசாலை மானிய ஆணைக்குழுவின் முதற் றலைவராக 1953இல் அமர்ந்தவரும் இவரே. அங்கே என்ன செய்திருப்பார் என்று காண ஆயுள் இடங்கொடுக்கவில்லை.

பூனா ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளராக 1949இல் வந்தவரைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். கூழ்மக் கதை அவரிடம்தான் முழுமை பெறுகின்றது. அவர் கனடாவிற் பிறந்த ஜேம்ஸ் மக்பெயின். அறுபத்தேழு வயதில் இந்தியாவுக்கு வந்தவர். நீரிலுள்ள சவர்க்கார மூலக்கூறுகள் தனித்தனியே திரியாமல், வால்களை உள்ளே மறைத்துத் தலைகளை வெளியே காட்டிக் கூட்டங் கூட்டமாய்ச் சேரும் என்று 1913இல் முதன்முதற் சொன்னவர் அவரே. மைசெல் என்பது அக்கூட்டத்தின் பெயர். அறிஞர் சபையொன்றிலே தலைமை வகித்தவர் அதனை வெறும் அபத்தம் என்று தள்ளினார் என்பது இரசாயன உலகிலே வழங்கும் கதை. இன்று அஃது எல்லாப் பாடநூலிலும் உள்ளது.

அம்மைசெல்கள் செய்யும் விந்தை ஒன்றைப் பட்நாகரும் மக்பெயினும் மறைந்த பின்னரே உலகம் விரிவாக அறிந்தது. உப்புச் சேர்த்தால் அவற்றின் தலைகள் ஒன்றையொன்று தள்ளும் விசை அடங்கும். அற்றொக் சேற்றிற் கண்ட அதே நியதி. ஆனால் இங்கே உருண்டையாயிருந்தவை நீண்டு கோலாகி, புழுப்போல வளரும், நீர் பாகாகும். தலைமுழுகும் சம்பூவைத் தடிப்பாக்க அதனைச் செய்வோர் கறியுப்பைச் சேர்ப்பது இதனாலேயே. இன்னும் வியப்பு, இவற்றுட் சிலவற்றை நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவாக நீரிற் கரைத்து வைத்தால் அந்நீர் வெறும் நீர்போலவே ஓடும். ஆனால் ஓட்டம் குறித்த வேகத்தைக் கடந்து சிறிது நேரம் சென்றதும், அது திடீரெனத் தடிக்கும். பாகுநிலை பன்மடங்கு ஏறும். ஓட்டத்தை நிறுத்தினாலோ மெல்ல மெல்ல மீண்டும் நீராகும். குட்டையான கோல்கள் ஓட்டத்தின் திசையிலே வரிசைப்பட்டு, நுனியும் நுனியும் பொருந்தி நீண்டு, வலையாய்ப் பின்னுகின்றன என்பது அதற்குக் கூறும் விளக்கம். ஜேர்மனியின் பைறொயித் நகரிலே ஹொவ்மனும் அவர் கூட்டத்தாரும் 1980களில் இதனை நுணுகி ஆராய்ந்தனர். காய்ச்சிய கூழ் ஓய்ந்தாலும் கூழே. இக்கூழோ ஓடும்போது மட்டும் கூழ்.

இலண்டனிலே பட்நாகர் ஆராய்ந்த எண்ணெய்ச் சவர்க்காரங்களும் இவற்றுக்கு உறவினவே. வண்டியச்சுக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் இடும் கிறீஸ் என்பது, எண்ணெயை உலோகச் சவர்க்காரத்தாற் தடிப்பாக்கியதே. 1942இல் அமெரிக்காவிலே அலுமினியச் சவர்க்காரத்தாற் பெற்றோலைக் கூழாக்கி நேபாம் என்னும் கொடிய தீக்குண்டைச் செய்தனர். அவ்வாறு தடித்த பெற்றோல் குழாயிற் கொந்தளித்து ஓடும்போது, தடிக்காத பெற்றோலிலும் குறைந்த தடையோடு ஓடும் என்பதை 1949இல் மைசெல்ஸ் என்பவர் வெளியிட்டார். அழிவுக்கென்று செய்த கூழிலிருந்து வந்த அவ்வறிவு, இன்று குளிர்நாடுகளிலே வெந்நீரைக் குழாய்வழி நெடுந்தூரம் செலுத்தும் முறைகளுக்கு உதவுகின்றது.

பட்நாகரின் துணைவியார் இலாஜவந்தி 1946இல் மறைந்தார். அப்பிரிவு அவரைப் பெரிதும் உலைத்தது. மறுவருடம் நாடு பிரிந்தது. பிறந்த பேராவும், சேற்றை இளக்கிய இலாகூர் ஆய்வுகூடமும் அயல்நாடாயின. அமைச்சகம், அணுசக்திக் குழு, எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்களுக்கான பேச்சுக்கள் என்று பகலெல்லாம் கோப்புகளோடு கழித்தவர், உருதுக் கவிதையை விட்டாரல்லர். அவருடைய பாடல்களின் தொகுதி துணைவியாரின் பெயராலேயே இலாஜவந்தி என்று வெளிவந்தது. அந்நூலை உருது அறியாத நான் படித்ததில்லை. காந்த இரசாயன நூலையும் படித்து விளங்கிக்கொள்ளும் ஆற்றல் எனக்கில்லை. இரண்டையும் எழுதிய கை ஒன்றே என்பதுதான் என்னை இவ்வளவு எழுதத் தூண்டியது.

1955ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, புத்தாண்டு நாளிலே, மாரடைப்பால் அவர் காலமானார். அகவை அறுபது. அவர் பெயரால் மன்றத்தார் நிறுவிய விஞ்ஞானப் பரிசு 1958இல் முதன்முறையாக வழங்கப்பெற்றது. பெற்றவர் வத்திராயிருப்பிலே பிறந்த கே. எஸ். கிருஷ்ணன்.